பச்சைப் புள்ளி சைவம் சொல்லும்... சோயாவைச் சொல்லுமா?

எங்கள் அக்கா மகளுக்கு வயது நான்கு. அவளுக்கு மீல் மேக்கர் ஆகாது. ஒரு கல்யாண வீட்டில் குருமாவில் கிடந்த இரண்டு உருண்டையைத் தின்றாள். பந்தியை விட்டு எழுவதற்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. குழந்தை மருத்துவர் சோதித்துப் பார்த்து, சோயா ஒவ்வாமை என்றார். அன்றோடு வீட்டில் மீல் மேக்கரை நிறுத்தினோம். பிரச்சினை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் உறவுக்காரர் ஒருவர், "பாப்பா ஏன் இப்படி ஒல்லியா இருக்கா?" என்று பாசத்தோடு ஒரு டப்பா சத்துப் பவுடர் வாங்கி வந்து கொடுத்தார். பாலில் ஒரே ஒரு ஸ்பூன் கலந்து கொடுத்தாள் அக்கா. கால் மணி நேரத்தில் அதே தடிப்பு, அதே வீக்கம். இந்த முறை கூடவே விடாத இருமல்.

நாட்றாம்பாளையத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஒரு பக்கம் போனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை. மறுபக்கம் போனால் ஒகேனக்கல், பென்னாகரம். எந்தப் பக்கம் போனாலும் காட்டு ரோடு, வளைவுகள், நேரம் கெட்ட நேரத்தில் யானை. நல்லவேளையாக அது பகல். ஊசி போட்டு, சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்து, அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, கடுகு சைஸ் ஆங்கில எழுத்தில் 'கன்டெய்ன்ஸ் சோயா' என்று போட்டிருந்தது. ஆக, கம்பெனி எதையும் மறைக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரி! அக்காவிடம் காட்டினேன். அவள் ஆறாவதோடு நின்றவள். தமிழ் நன்றாகப் படிப்பாள், கன்னடம் சரளமாகப் பேசுவாள், ஆங்கிலம் தெரியாது. அவள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"பச்சைப் புள்ளி இருந்துச்சுடா. சைவம்தானே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

அந்த டப்பாவில் அவளால் படிக்க முடிந்த ஒரே விஷயம் அந்தப் பச்சைப் புள்ளி. அதை அவள் சரியாகத்தான் படித்தாள். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான். சத்துப் பவுடரிலும் கேப்சூலிலும் இருக்கும் சோயாவை எழுத்தில் மட்டும் அறிவித்தால் போதாது. எழுத்துத் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி, பச்சைப் புள்ளியைப் போல, ஓர் அடையாளம் வேண்டும்.

முகம் இல்லாத பயறு

எங்கள் பக்கம் வேர்க்கடலை தெரியாதவர் யாரும் இல்லை. கேழ்வரகு, கொள்ளு, அவரை, துவரை... எல்லாமே வயலில் பார்த்து வளர்ந்தவை. கடலை ஆகாத குழந்தை என்றால், எந்தப் பாட்டியும் கடலையைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடுவாள்.

சோயா அப்படியல்ல. இந்தியாவில் அது பெரிய அளவில் பயிராகத் தொடங்கியதே 1960களின் கடைசியிலும் 70களிலும்தான். அதுவும் மத்தியப் பிரதேசப் பக்கம். எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சும் மாவை இயந்திரத்தில் அழுத்திப் பொரித்தது போல் ஆக்கினால் மீல் மேக்கர். மீல் மேக்கர் சோயாவில் செய்வது என்பதே பலருக்குத் தெரியாது. "அது ஏதோ கோதுமையில் பண்றது" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக்குள் சோயா பயறாக வருவது குறைவு. பவுடராக, எண்ணெயாக, பசையாக, கேப்சூலுக்குள் திரவமாக வருகிறது. முகம் தெரியாத ஒருவரை வாசலில் எப்படி நிறுத்துவது?

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கடைகடையாகப் போய் டப்பாக்களின் முதுகைப் படிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. (கடைக்காரர் ஒருவர், "தம்பி, வாங்கப் போறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றே கேட்டுவிட்டார்.) நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. புரோட்டீன் பவுடர்: 'சோய் புரோட்டீன் ஐசோலேட்', 'கான்சென்ட்ரேட்' என்றால் நேரடியாக சோயாதான். 'டெக்ஸ்ச்சர்டு வெஜிடபிள் புரோட்டீன்' பெரும்பாலும் சோயா. 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்பது சோயா, கோதுமை, மக்காச்சோளம் என எதிலிருந்தும் வரலாம். பால் புரதமான 'வே' பவுடரிலும், தண்ணீரில் கட்டியில்லாமல் கரைவதற்காக சோயா லெசித்தின் சேர்ப்பது வழக்கம்.

2. லெசித்தின்: கூட்டுப்பொருள் எண் 322. எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருள். சூரியகாந்தியிலிருந்தும் எடுக்கலாம், முட்டையிலும் இருக்கிறது. ஆனால் சந்தையில் அதிகம் புழங்குவது சோயா லெசித்தின்.

3. வழவழப்பான ஜெல் கேப்சூல்கள்: வைட்டமின் டி, ஈ, ஏ போன்றவை எண்ணெயில் கரைபவை. அதனால் அவற்றை ஏதாவது ஓர் எண்ணெயில் கலந்துதான் அடைப்பார்கள். அந்த எண்ணெய் பல தயாரிப்புகளில் சோயா எண்ணெய். இயற்கை வைட்டமின் ஈ, அதாவது டோகோஃபெரால், பெரும்பாலும் சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது.

4. சத்துமாவு: இதுதான் நம் ஊர் ஆபத்து! 'பதினைந்து தானியம், இருபது தானியம்' என்று வறுத்து அரைக்கும் மாவில் சோயாவையும் ஒரு கைப்பிடி போடுவது இன்று சாதாரணம். சந்தையில் எடை போட்டுக் கொடுப்பதில் லேபிளே கிடையாது. பாக்கெட்டில் வரும் 'மல்டிகிரெய்ன்' கோதுமை மாவிலும் சோயா மாவு கலப்பதுண்டு. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அங்கன்வாடிகளில் கொடுக்கும் 'அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்' மாவிலேயே கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலையோடு சோயாவும் சேர்கிறது. அது நல்ல திட்டம், மாவும் நல்ல மாவு. ஆனால் சத்துமாவு என்றால் கேழ்வரகும் பொட்டுக்கடலையும்தான் என்று நினைத்திருக்கும் நமக்கு இது ஒரு எச்சரிக்கை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லையென்றால் நான் பீதி கிளப்புகிறவன் ஆகிவிடுவேன். ஒவ்வாமை வருவது சோயாவின் புரதத்தால். நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. லெசித்தினிலும் மிகக் குறைவு. அதனால் சோயா ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவை இரண்டும் தொந்தரவு தருவதில்லை. ஆனால் 'பெரும்பாலோர்' என்ற கூட்டத்தில் நம் குழந்தை இருக்கிறதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். வீட்டில் நாமே கொடுத்துப் பார்த்துச் சோதிக்கிற விஷயம் இல்லை இது. அதே மாதிரி, சோயா ஆகாது என்பதற்காக வேர்க்கடலை, துவரை என்று எல்லாப் பருப்பையும் நிறுத்திவிடவும் கூடாது. ஒன்று ஆகாதவருக்கு இன்னொன்றும் ஆகாது என்ற கட்டாயம் இல்லை. பருப்பையும் நிறுத்திவிட்டால் ஏழை வீட்டுக் குழந்தை புரதத்துக்கு எங்கே போகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள், பசைப்புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவை இருந்தால் 'இது உள்ளது' என்று தனியாக அறிவிக்கச் சொல்கின்றன. ஒரே ஆலையில் வேறு பொருளோடு கலந்துவிட வாய்ப்பிருந்தால் 'இருக்கலாம்' என்று போடவும் வழி இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஓட்டைகள்?

முதல் ஓட்டை, மொழி. லேபிளில் கட்டாயமாக இருக்கவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருந்தால் போதும். வேறு மொழி சேர்ப்பது கம்பெனியின் விருப்பம். எங்கள் எல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் பேசுகிறார்கள். நான்கில் ஒன்றுகூட அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை! ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிவரும் டப்பா, மலைக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்போது ஊமையாகிவிடுகிறது.

இரண்டாவது, அளவு. 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறு பொட்டலத்தில் பொருள் பட்டியல் போடத் தேவையில்லை. பல பொட்டலங்கள் அடங்கிய பெரிய பெட்டியில் இருந்தால் போதும். பெரிய பெட்டி கடைக்காரரிடம் இருக்கும். கிராமத்தில் தாய் வாங்குவதோ சரத்தில் தொங்கும் ஒற்றைச் சாஷே.

மூன்றாவது, எண்ணெய். சோயாவிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு அந்தத் தனி அறிவிப்பு தேவையில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. மருத்துவக் காரணம் நான் மேலே சொன்னதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட நன்கு சுத்திகரித்த எண்ணெய்க்கு விலக்கு உண்டு. ஆனால் அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், சோயா லெசித்தினுக்கு அப்படி விலக்குத் தரவில்லை. சோயா என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லவேண்டும் என்கிறது.

நான்காவது, மருந்தா உணவா என்ற குழப்பம். ஒரே மாதிரி வைட்டமின் கேப்சூல், உணவுத் துணைப்பொருளாக உரிமம் பெற்றால் உணவு லேபிள் விதிக்குள் வரும். மருந்தாக உரிமம் பெற்றால் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் வரும். மருந்து அட்டையில் நாம் வழக்கமாகப் பார்ப்பது மருந்தின் பெயரும் அளவும்தான். அதைச் சுமந்திருக்கும் எண்ணெய் என்ன, மேல்தோல் எதில் செய்தது என்று தேடினால் கிடைப்பது கடினம். மெடிக்கல் ஷாப்பில் இரண்டும் ஒரே கண்ணாடி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு இன்னொன்று. 2024இல் 'மெடிசின்' என்ற மருத்துவ ஆய்விதழில், இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் சுமார் 70 சதவீதம், லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை என்று அந்த ஆய்வு சொன்னது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் போடும் விஷயத்திலேயே இந்த நிலைமை என்றால், பின்பக்கத்துக் கடுகு எழுத்தை எந்த அளவுக்கு நம்புவது?

இப்போது பல டப்பாக்கள் கடை வழியாகக்கூட வருவதில்லை. கூட வேலை செய்கிறவர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் சேர்த்து விற்கும் முறையில் வருகின்றன. 'இது இயற்கை, சைட் எஃபெக்டே கிடையாது' என்ற வசனம் இலவச இணைப்பு! நேரடி விற்பனைக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. பொருளைப் பற்றி வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக்கூடாது என்கிறது அது. ஆனால் மாமாவிடம் போய் விதி பேச யாருக்கு வாய் வரும்? பாசத்தோடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது, மருந்தை வேண்டாம் என்பதைவிடக் கஷ்டம்.

"ஆயிரத்தில் ஒருவருக்காகவா இவ்வளவு?"

கல்லூரியில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பன் ஒருவன் கேட்டான். "சோயா ஒவ்வாமை ரொம்ப அபூர்வம்டா. அதுவும் நிறையக் குழந்தைகளுக்குப் பெரிசானதும் போயிடும். அதுக்காக எல்லாக் கம்பெனியும் லேபிளை மாத்தணுமா?"

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. சோயா ஒவ்வாமை உள்ள குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களிலும் பலருக்குப் பத்து வயதுக்குள் சரியாகிவிடுகிறது. ஆனால் நான் கேட்பது மருந்தோ மானியமோ இல்லையே. கொஞ்சம் மை!

இங்கிலாந்தில் 2016இல் நடாஷா எட்னான்-லப்பெரூஸ் என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் எள் இருப்பது தெரியாமல் சாப்பிட்டு இறந்துபோனாள். கடையிலேயே தயாரித்து அடைத்து விற்கும் உணவுக்கு முழு லேபிள் தேவையில்லை என்பது அப்போது அங்கே விதி. அவளுடைய பெற்றோர் போராடி, 2021 அக்டோபரில் 'நடாஷா சட்டம்' நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் அப்படி ஒவ்வாமை உள்ளவர்கள் சிலர்தான். சட்டம் வந்ததால் எந்தக் கடையும் மூடிவிடவில்லை. ஒரு பெண்ணை இழந்த பிறகு செய்ததை, இழக்கும் முன்பே நாம் செய்தால் என்ன?

நம் நாட்டுக்கு அடையாளம் போடுவது புதிதும் இல்லை. சைவ, அசைவப் புள்ளிகள் 2001இல் வந்த விதிகளால் டப்பாவில் ஏறின. பல மொழி பேசும், எல்லோரும் படிக்காத நாட்டில், ஒருவர் நம்பிக்கைக்கு விரோதமானதை அறியாமல் சாப்பிட்டுவிடக்கூடாது என்பதற்காக. 2020 விதிமுறைகளில் அசைவத்துக்கான வட்டத்தை முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கும் அடையாளம் தெரியும். எவ்வளவு நல்ல யோசனை! செறிவூட்டிய உணவுக்கு ஒரு முத்திரை, இயற்கை வேளாண்மைப் பொருளுக்கு ஒரு முத்திரை என்று வரிசையாக இருக்கிறது. நம்பிக்கையைக் காக்க ஒரு புள்ளி போட முடிந்த அரசாங்கத்தால், குழந்தையின் மூச்சைக் காக்க இன்னொரு படம் போட முடியாதா?

தமிழக அரசு தில்லிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அங்கன்வாடி இணை உணவு, கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் என்று அரசே கொள்முதல் செய்து கொடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வாமை தரும் பொருள் என்ன உண்டு, என்ன இல்லை என்று பெரிய எழுத்தில் தமிழிலும், எல்லை வட்டங்களில் கன்னடம் தெலுங்கிலும், பக்கத்திலேயே ஒரு படத்தோடும் அச்சிடவேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். பெட்டகத்தைக் கையில் கொடுக்கும் நர்ஸ், "வீட்டில் யாருக்காவது எதாவது சாப்பிட்டால் ஆகாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நல்லது.

அதுவரை என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில், தேவையில்லாத டப்பாவை வாங்குவதில்லை. கேழ்வரகுக் கூழும், முட்டையும், பருப்பும், கடலை உருண்டையும் (கடலை ஆகும் குழந்தைக்கு) கொடுக்காத எதையும் அந்தப் பவுடர் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொடுத்துவிடப் போவதில்லை. சத்துமாவு வேண்டுமென்றால் தானியத்தை நாமே வாங்கி வறுத்து, மில்லில் கொடுத்து அரைக்கிறோம். மில்லில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டு, முதலில் விழும் ஒரு படி மாவைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். அது பெரியவர்களுக்கு.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்தையும் கேப்சூலையும் நாமாக நிறுத்துவதில்லை. எழுதும்போதே, "சோயா ஆகாதுங்க, இதுல இருக்குமா?" என்று கேட்கிறோம். ஒரே சத்து மாத்திரையாக, சிரப்பாக, எண்ணெய் இல்லாத வடிவில் கிடைக்கும்போது மாற்றித் தருவார்கள். அதே கம்பெனி டப்பாவாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மறுபடி படிக்கிறோம். சேர்மானத்தை மாற்றிவிட்டு முன்பக்கப் படத்தை மாற்றாமல் விடுவது உண்டு.

ரத்தப் பரிசோதனை பாக்கேஜ்களிலும் ஜாக்கிரதை. ஐ.ஜி.ஜி. என்ற வகையைப் பார்த்து நூறு உணவுக்கு 'ஆகாது' என்று பட்டியல் கொடுப்பதை ஒவ்வாமை மருத்துவர்கள் ஏற்பதில்லை. ஐ.ஜி.ஈ. பரிசோதனையோ தோல் பரிசோதனையோகூட, குழந்தைக்கு நிஜமாக என்ன நடந்தது என்ற விவரத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

கடைசியாக, மூச்சுத் திணறல், குரல் மாறுதல், விடாத இருமல், வாந்தி, மயக்கம் வந்தால், அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கக்கூடாது. கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. உடனே 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது அட்ரினலின் போடக்கூடிய பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். எங்கள் மாதிரிக் காட்டு ரோட்டு ஊர்களில் அரை மணி நேரம் என்பது சும்மா இல்லை.

இன்னொன்றும் செய்தேன். ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் நான்கே நான்கு எழுத்து, எஸ், ஓ, ஒய், ஏ, பெரிதாக எழுதி அக்கா வீட்டு அடுப்படியில் ஒட்டினேன். சில டப்பாவில் கடைசி எழுத்து இருக்காது, மூன்றுதான் இருக்கும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து அக்கா அந்த எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். இப்போது கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தடவித் தடவி அந்த நான்கு எழுத்தைத் தேடுகிறாள். போன வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் கண்டுபிடித்து, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. தன் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் வாங்க, ஒரு தாய் இன்னொரு மொழியின் எழுத்தைக் கற்கவேண்டியிருக்கிறது. எல்லா வீட்டிலும் அட்டை ஒட்ட ஒரு தம்பி இருக்கமாட்டான். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இன்றைக்கே அந்த வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாக்களின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துச் சொல்லிவிட்டு வாருங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.